என் தங்கையும் இரத்தக் காட்டேரியும்

சென்ற கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது என் தங்கை என்னோடு பத்து நாட்கள் பேசவில்லை. காரணம் ஓர் இரத்தக் காட்டேரி என்று சொன்னால் நண்பர்கள் சிரிப்பீர்கள். நானும் முதலில் சிரித்தவன்தான். அந்தச் சிரிப்பால் வந்த வினையே இக்கட்டுரை.

அவள் பன்னிரண்டாம் வகுப்புக்குப் போக இருந்தாள். கூடத்து ஊஞ்சலில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு ஒரு தடித்த ஆங்கில நாவலில் மூழ்கியிருந்தாள். கறுப்பு அட்டை, அதில் இரண்டு வெளுத்த கைகள் சிவந்த ஆப்பிள் ஒன்றை ஏந்தியிருந்தன. ஸ்டெஃபனி மேயர் என்னும் அமெரிக்கப் பெண்மணி எழுதி 2005இல் வெளிவந்த 'ட்வைலைட்' அது. அன்றிரவு சாப்பாட்டு வேளையில் அந்நூலைப் பற்றி நான் ஒரு சிறு சொற்பொழிவே நிகழ்த்தினேன். வெயில் பட்டால் வெந்து போகவேண்டிய பேய் வைரம்போல் மின்னுகிறதாமே என்றேன். நூறு வயதைக் கடந்த கிழவன் இன்னும் உயர்நிலைப் பள்ளியிலேயே உட்கார்ந்திருக்கிறானாமே, ஒவ்வோர் ஆண்டும் தேர்வில் தவறிவிடுகிறானோ என்றேன். அப்பா சிரித்தார். தங்கை தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை ஊஞ்சலில் புத்தகம் இல்லை. அதுவும், அதனோடு இருந்த வேறு மூன்று நாவல்களும் பீரோவுக்குள் போய்விட்டன. "படிச்சவன், அண்ணனே குப்பைன்னு சொல்லிட்டான். பரீட்சை முடியட்டும், பார்க்கலாம்" என்றாள் அம்மா. தங்கை அம்மாவோடு வாதாடவில்லை. என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"நீ அதைப் படிச்சிருக்கியா அண்ணா?"

நான் படித்ததில்லை. விடுதியில் நண்பர்கள் அடித்த கேலியும், கைப்பேசியில் ஓடிய சில துணுக்குப் படங்களுமே அந்நூலைப் பற்றிய என் புலமை. சோதனையைச் செய்யாமலே முடிவை எழுதும் இயற்பியல் மாணவனை ஆய்வுக்கூடத்தில் எப்படி நடத்துவார்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். அவளுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் அந்தப் பத்து நாள் மௌனம்.

அம்மாவிடம் சாவி கேட்டுப் பார்த்தேன். "நீ முழுசாப் படி. படிச்சுட்டு, அவ படிக்கலாமா கூடாதான்னு சொல்லு. அப்புறம் தரேன்" என்றாள். ஆக, பழி சுமத்தியவனே நீதிபதியும் ஆனேன். நான்கு நூல்களும் என் பெட்டிக்குள் ஏறின. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு இரவும் ஒரு பகலும் எனக்கு வேறு வேலை இல்லை. தில்லி வந்து சேர்ந்த பின்னரும் அந்தப் படிப்பு நிற்கவில்லை. மூன்று மாதங்களில் இவ்வகை நாவல்கள் ஏறக்குறைய இருபதைப் படித்து முடித்தேன். என் துறைப் பேராசிரியர் இவ்விதழைப் படிப்பதில்லை என்ற துணிவில் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். 'யங் அடல்ட்' என்று பதிப்பாளர் அட்டையில் போடுவது, பன்னிரண்டு முதல் பதினெட்டு வயது வரையுள்ளோரை மனத்தில் கொண்டு எழுதப்படும் நூல்களை. குழந்தைகள் நூலும் அல்ல, பெரியோர் நூலும் அல்ல. அமெரிக்க நூலகச் சங்கம் இவ்வயதினருக்காக ஒரு தனிப் பிரிவை 1957இல் அமைத்தது. பத்தாண்டு கழித்து, 1967இல், எஸ். ஈ. ஹின்டன் என்ற பெண் பள்ளியில் படிக்கும்போதே எழுதிய 'தி அவுட்சைடர்ஸ்' வெளியாயிற்று. இளையோர் நாவலின் வரலாற்றைப் பெரும்பாலோர் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். அதில் பேயும் இல்லை, மந்திரமும் இல்லை. தெருச்சண்டையிடும் ஏழைப் பையன்களே இருக்கிறார்கள்.

மாயக் கதைகளில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில் உலகமே வேறு. அங்கே மலைகளுக்கும் கடல்களுக்கும் நாம் கேள்விப்படாத பெயர்கள். முதற்பக்கத்தில் நிலப்படம் அச்சிட்டிருந்தால் நூல் இவ்வகை என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். 'ஃபேன்டஸி' என்ற சொல் பெரும்பாலும் இதைக் குறிக்கும். இரண்டாவது வகையில் உலகம் நம்முடையதே. அதே பள்ளிக்கூடம், அதே பேருந்து, அதே மழை. ஆனால் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவன் மனிதன் அல்லன். இது 'பேராநார்மல்' வகை. 'அமானுஷ்யம்' என்ற சொல் நமக்குப் பழக்கமானதே. ஹாரி பாட்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்பவன். இலண்டன் ரயில் நிலையத்துச் சுவர் வழியாக மாய உலகுக்குப் போகிறவன். 1997இல் அந்த முதல் நூலின் முதற்பதிப்பில் 500 படிகளே அச்சிட்டார்கள். 2000ஆம் ஆண்டில் 'நியூயார்க் டைம்ஸ்' இதழ் குழந்தை நூல்களுக்கு விற்பனைப் பட்டியலைத் தனியாகப் பிரிக்க வேண்டியதாயிற்று. ஹாரி பாட்டரைப் பற்றி எல்லோரும் அறிவர். இதற்குமேல் இங்கே நீட்டவில்லை.

இரத்தக் காட்டேரியின் பூர்வீகத்தைத் தேடிப் போனபோதுதான் எனக்கு முதல் வியப்பு காத்திருந்தது. கிழக்கு ஐரோப்பியக் கிராமங்களில் மக்கள் அஞ்சிய காட்டேரி அழகன் அல்லன். புதைகுழியில் ஊதிக் கிடக்கும் குடியானவன் பிணம். அதற்குப் பட்டுச் சட்டை போட்டுப் பிரபுவாக்கியவர் ஓர் இளைஞர். 1815இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் வானில் பரவியதால் அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வரவில்லை. அந்த 1816ஆம் ஆண்டு மழையில் ஜெனீவா ஏரிக்கரை வீடொன்றில் அடைபட்டுக் கிடந்த நண்பர்களை, ஆளுக்கொரு பேய்க்கதை எழுதுங்கள் என்று தூண்டினார் கவிஞர் பைரன். பைரனின் மருத்துவர் ஜான் பாலிடோரிக்கு அப்போது இருபது வயது. மேரி கோட்வினுக்குப் பதினெட்டு. மேரி, பின்னாளில் மேரி ஷெல்லி, எழுதியது 'ஃபிராங்கன்ஸ்டைன்', 1818இல் வெளிவந்தது. பாலிடோரி எழுதிய 'தி வேம்பயர்' 1819இல் அச்சேறியது. அதையும் முதலில் பைரன் பெயரிலேயே போட்டுவிட்டார்கள் என்பது அந்த இளைஞரின் துரதிருஷ்டம். இளையோருக்கு எதற்குப் பேய்க்கதை என்று கேட்போர் அதை யார் எழுதினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். நம்மில் பலருடைய வயதுதான் அவர்களுக்கு.

பிறகு 1897இல் பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' வந்தது. இதற்கிடையில் ஒரு வேடிக்கை. ரிச்சர்டு பர்ட்டன் என்ற ஆங்கிலேயர் 1870இல் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளைத் தம் போக்கில் ஆங்கிலமாக்கி 'விக்ரம் அண்ட் தி வேம்பயர்' என்று பெயர் சூட்டினார். பாவம், முருங்கை மரத்து வேதாளம் யாருடைய இரத்தத்துக்கும் ஆசைப்பட்டதில்லை; கேள்வி கேட்டு, சரியான விடை வந்ததும் மறுபடி மரத்தில் ஏறிக்கொண்டது. அந்த வகையில் அது ஆராய்ச்சி வழிகாட்டிகளுக்குத்தான் நெருங்கிய உறவு.

டிராகுலாவுக்குத் தன் கதையைத் தானே சொல்லும் வாய்ப்பு இல்லை. மற்றவர்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களுமே அவனைப் பற்றிச் சொல்கின்றன. காட்டேரிக்கு வாயும் மனச்சாட்சியும் கொடுத்து, தன் துயரத்தைத் தானே பேச வைத்தவர்களில் முக்கியமானவர் ஆன் ரைஸ். அவர் நாவல் 1976இல் வந்தது. 1991இல் எல். ஜே. ஸ்மித் 'தி வேம்பயர் டயரீஸ்' வரிசையில் அவனைப் பள்ளிக்கூடத்துக்கு அழைத்து வந்தார். ஆகவே 2005இல் மேயர் எழுதியபோது பாதை போட்டாகியிருந்தது. அவர் அதில் ஒரு தேரையே ஓட்டிவிட்டார். நான்கு நூல்களும் சேர்ந்து பத்துக் கோடிப் படிகளுக்கு மேல் விற்றிருக்கின்றன.

இனி என் தீர்ப்புக்கு வருகிறேன். 'ட்வைலைட்' குப்பை அன்று. பெரிய இலக்கியமும் அன்று. இரண்டுக்கும் நடுவே அது செய்யும் காரியம் என்ன என்று பார்ப்பதே நியாயம்.

பெல்லா என்ற பதினேழு வயதுப் பெண் வெயில் கொளுத்தும் ஃபீனிக்ஸ் நகரை விட்டு, எப்போதும் மழை தூறும் ஃபோர்க்ஸ் என்ற சிற்றூருக்கு, தந்தையோடு வாழ வருகிறாள். புதுப் பள்ளி. நடந்தால் தடுக்கி விழுகிறவள். தன்னிடம் யாரும் கவனிக்கத்தக்கது ஒன்றுமில்லை என்று நம்புகிறவள். அவளை ஒருவன் கவனிக்கிறான். அவன் எட்வர்டு, 1918இல் இன்ஃப்ளூயன்ஸா காய்ச்சலில் சாகக் கிடந்தபோது காட்டேரியாக்கப்பட்டவன். மனித இரத்தம் குடிப்பதில்லை என்று விரதம் பூண்ட குடும்பத்தைச் சேர்ந்தவன். அவனுக்கு அவள்மேல் காதல். அவள் இரத்தத்தின்மேல் அதைவிடப் பெரிய தாகம். தொட்டால் கொன்றுவிடுவோமோ என்று அஞ்சுபவன் காதலிக்கிறான் என்பதுதான் அந்நாவலின் விசை. ஆசையையும் அச்சத்தையும் ஒரே ஆளிடம் வைத்துவிட்டதால் இருவரும் உயிரியல் வகுப்பில் வெறுமனே அருகருகே உட்கார்ந்திருந்தாலும் பக்கத்தைப் புரட்ட வேண்டியிருக்கிறது. இத்தனைக்கும் நடை சாதாரணம். அவன் முகத்தின் அழகை ஆசிரியர் சொல்லிச் சொல்லி மாளவில்லை. நாக்பூர் தாண்டுவதற்குள் அந்த வருணனைகளை எண்ணத் தொடங்கி, போபாலில் எண்ணிக்கையை விட்டுவிட்டேன்.

இரண்டாம் நூலான 'நியூ மூன்' எனக்கு ஒரு பாடம் கற்பித்தது. அவன் அவளை விட்டுப் போய்விடுகிறான். அடுத்த பக்கத்தில் 'அக்டோபர்' என்ற ஒரு சொல் மட்டும். அதற்கடுத்து 'நவம்பர்'. பிறகு 'டிசம்பர்', 'ஜனவரி'. அவ்வளவே. துயரத்தில் மாதங்கள் எப்படிப் போயின என்பதற்கு வெறுந்தாளே சாட்சி. முதலாண்டில் இந்த ஊருக்கு வந்து, மொழி தெரியாமல், குளிரில் விடுதி அறையில் முடங்கிக் கிடந்த நாட்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அந்த நாட்களுக்கும் என்னிடம் மாதப் பெயர்களே மிச்சம். ஸ்டெஃபனி மேயரைக் கேலி செய்தவன் ரயில் படுக்கையில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

ஆனால் ஒன்றை நான் மன்னிக்கவில்லை. எட்வர்டு இரவில் பெல்லாவின் அறைக்குள் அவளுக்குத் தெரியாமல் நுழைந்து, அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். மூன்றாம் நூலில், வேறொரு நண்பனைப் பார்க்க அவள் போய்விடக் கூடாதென்று அவளுடைய வண்டியையே ஓடாதபடி செய்துவிடுகிறான். நூல் இவற்றை அன்பின் மிகுதி என்று காட்டுகிறது. ஒரு பெண்ணைக் கேட்காமல் அவள் வாழ்வைக் காவல் காக்கிறவனுக்கு நம் ஊரில் வேறு பெயர் உண்டு. அவனால் கல்லூரியையே விட்டு நின்ற பெண்களை நாம் அறிவோம். பெல்லா எப்போதும் காப்பாற்றப்படுகிறவளாகவே இருக்கிறாள் என்ற குறை வாசகரிடையே எழுந்தது. மேயர் 2015இல் அதே கதையை ஆண் பெண்ணாகவும் பெண் ஆணாகவும் மாற்றி எழுதி வெளியிட்டார். என் கவலை அதனால் தீரவில்லை. கேட்காமல் ஜன்னல் ஏறுகிறவர் யாராயிருந்தாலும் தவறு தவறுதான்.

இதை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கையிடம் தொலைபேசியில் பொறுமையாக விளக்கினேன். அவள் அதற்குள் பேச ஆரம்பித்திருந்தாள். முழுவதும் கேட்டுவிட்டு, "அதுகூடத் தெரியாமயா அண்ணா படிக்கிறேன்? நிஜத்துல எவனாவது ஜன்னல் ஏறி வந்தா விளக்குமாத்தாலயே போடுவேன். கதைல வர்றவன் வேற" என்றாள். நான் வாயடைத்துப் போனேன். நாம் 'பொன்னியின் செல்வன்' படித்துவிட்டு யார் தலையையும் வாங்கப் புறப்படவில்லையே. வாசகர் கதையைக் கதையாகவே கொள்வர் என்று நான் எனக்குக் கொடுத்துக்கொண்ட சலுகையை, பதினேழு வயதுப் பெண்ணுக்கு ஏன் மறுத்தேன்? ஆயினும் எல்லோர் கையிலும் அவளைப் போல விளக்குமாறு ஆயத்தமாக இருக்கும் என்று நான் நம்பவில்லை. இந்த இடத்தில் என் மனம் இன்னும் இரண்டு பக்கமும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிய குறை வேறொன்று. நான்காம் நூலின் முடிவில் பெல்லாவுக்கு எல்லாமே கிடைத்துவிடுகிறது. சாவில்லாத உடல், குறையாத அழகு, கணவன், குழந்தை, தந்தையையும் இழக்கவில்லை. இரு படைகள் பனியில் எதிரெதிரே நிற்கின்றன, பேசிவிட்டுப் போய்விடுகின்றன. விலை என்ன என்ற கேள்விக்கு நூலில் விடையே இல்லை. நான் படித்த இருபதிலும் நல்லதையும் மற்றதையும் பிரிக்க எனக்குக் கிடைத்த அளவுகோல் அதுதான்: மந்திரத்துக்கு யார், என்ன விலை கொடுத்தார்கள்? ஆற்றல் அழியாமை விதியில் ஊறிய மூளைக்கு வேறு கேள்வி தோன்றாது போலும்.

இந்தக் கேள்விக்கு நேராக முகம் கொடுத்த நூல் எனக்குக் கிடைத்தது ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தையில். தரியாகஞ்ச் நடைபாதையிலிருந்து 2019இல் மகிளா ஹாட் மைதானத்துக்குப் பெயர்க்கப்பட்டதே, அந்தச் சந்தை. அட்டை கிழிந்த சிறு நூல். உர்சுலா லெ குவின் 1968இல் எழுதிய 'எ விஸர்ட் ஆஃப் எர்த்ஸீ'. இருநூறு பக்கத்துக்குச் சற்றே கூட. மேயரின் நூல் ஒன்றில் இதைப் போல் இரண்டு அடங்கும்.

கடலும் தீவுகளுமே ஆன உலகம். கான்ட் என்ற மலைத்தீவில் ஆடு மேய்க்கும் சிறுவன் கெட். அவனிடம் மந்திரத் திறன் இருக்கிறது; செருக்கும் இருக்கிறது. ரோக் தீவிலுள்ள மந்திரப் பள்ளிக்குப் போகிறான். ஹாரி பாட்டருக்கு இருபத்தொன்பது ஆண்டு முன்னமே ஒரு மந்திரப் பள்ளி! அங்கே சொல்லிக் கொடுப்பது பெயர்களை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு மெய்ப்பெயர் உண்டு. அதை அறிந்தவனே அப்பொருளை ஆள முடியும். ஆனால் ஒரு கூழாங்கல்லை மெய்யாகவே வைரமாக்கினால் உலகமே அந்த அளவுக்கு மாறிவிடும். அதனால் நன்மை எது, தீமை எது என்று அறியாமல் ஒரு மணலையும் மாற்றாதே என்கிறார் ஆசிரியர். கெட் கேட்பதில்லை. உடன் படிக்கும் மேட்டுக்குடிப் பையன் ஒருவன் ஏளனம் செய்கிறான். அவன் முன்னே தன் திறமையைக் காட்ட, செத்தவளை எழுப்பிக் காட்டுகிறேன் என்று இறங்குகிறான். திறந்த பிளவின் வழியே பெயரில்லாத ஒரு நிழல் வெளியே வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. அந்தப் பிளவை மூடுவதற்காகப் பள்ளியின் முதுபெரும் தலைவர் தம் உயிரையே செலவிடுகிறார்.

ஒரு மாணவனின் வீம்புக்கு ஆசிரியரின் உயிர் விலை. இதை நான் இரவு ஒரு மணிக்குப் படித்தேன். அதன்பின் நாவல் முழுவதும் அந்த நிழலிடமிருந்து அவன் ஓடுவதும், பிறகு திரும்பி அதைத் துரத்துவதுமே. அந்த நிழலின் பெயர் என்ன என்பதுதான் கதை. அதை நான் சொல்லிவிட்டால் நண்பர்கள் என்னை மன்னிக்க மாட்டீர்கள். படைகள் மோதுவதில்லை, அரியணைக்குப் போட்டி இல்லை. திறமை உள்ள பையன் ஒருவன் சபையில் அவமானப்பட்டால் என்ன செய்வான் என்பதே பொருள். இப்பல்கலைக்கழகத்தில் முதல் கருத்தரங்கில் பேசிய யாருக்கும் இதற்கு உரை தேவையில்லை.

இன்னொன்று. கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவன் உயிர் நண்பன் கறுத்தவன். லெ குவின் வேண்டுமென்றே அப்படி எழுதினார். ஆனால் பல பதிப்புகளின் அட்டையில் ஓவியர்கள் அவனை வெள்ளையனாகவே தீட்டி வந்தார்கள். ஆசிரியர் நெடுங்காலம் அதை எதிர்த்துப் பேசியிருக்கிறார். உள்ளே கறுப்பு, அட்டையில் வெளுப்பு! இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. நைஜீரிய மரபில் வந்த டோமி அடெயெமி யோருபா தெய்வங்களை வைத்து எழுதிய நாவல் 2018இல் வந்தது. அதே ஆண்டில் ரோஷனி சோக்‌ஷி, பாண்டவர்கள் அமெரிக்காவில் சிறுமிகளாய்ப் பிறந்திருப்பதாக ஒரு வரிசையைத் தொடங்கினார். பின்னது சற்றே சிறியவர்களுக்கானது. எனக்குச் சிரிப்பூட்டியது, ஆழமாகத் தொடவில்லை.

கார்த் நிக்ஸ் என்ற ஆஸ்திரேலியரின் 'சாப்ரியல்' 1995இல் வந்தது. அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். இறந்தவர்களை எழுப்புவோரிடமிருந்து நாட்டைக் காப்பது சாப்ரியலின் குலத்தொழில். அவள் ஆயுதம் வாளோடு ஏழு மணிகள். ஒவ்வொரு மணிக்கும் ஒரு பெயர், ஒரு குணம். ஏழாவது மணியை அடித்தால் கேட்பவர் எல்லோரும் சாவுக்குள் போய்விடுவர், அடித்தவரும் உட்பட. இந்த ஒரு விதியே அந்நாவலுக்கு முதுகெலும்பு.

அம்மா பூட்டிய நான்கில் மேயருடையவை இரண்டு. மூன்றாவது ஒரு ஹாரி பாட்டர். நான்காவது எது தெரியுமா? பிலிப் புல்மனின் 'நார்தர்ன் லைட்ஸ்'. ஆக்ஸ்ஃபோர்டில் பள்ளி ஆசிரியராய் இருந்தவர் 1995இல் எழுதியது. அவ்வரிசையின் மூன்றாம் நூல், 2001ஆம் ஆண்டுக்கான விட்பிரெட் பரிசைப் பெரியோர் நூல்களை எல்லாம் தள்ளிவிட்டு வென்றது. குழந்தைகள் நூல் ஒன்று அந்தத் தலைமைப் பரிசைப் பெற்றது அதுவே முதல் முறை. நான் சாப்பாட்டு வேளையில் அடித்த நகைச்சுவை இந்த நூலையும் பீரோவில் தள்ளிவிட்டது. என் குற்றத்தின் அளவு அப்போதுதான் எனக்கு விளங்கியது.

புல்மனின் உலகில் மனிதனின் ஆன்மா உடலுக்கு வெளியே ஒரு விலங்காய் உடன் வருகிறது. அதை 'டீமன்' என்கிறார். குழந்தைகளின் டீமன் நொடிக்கொரு வடிவம் எடுக்கும்: பூனை, அந்துப்பூச்சி, கீரி. பருவம் வந்ததும் ஏதாவது ஒரு வடிவத்தில் நிலைத்துவிடும், பிறகு மாறாது. வேலைக்காரர்களுக்குப் பெரும்பாலும் நாய். வளர்வதைப் பற்றி நூறு பக்கம் எழுதியும் சொல்ல முடியாததை இந்த ஒரு கற்பனை சொல்லிவிடுகிறது. சிங்கமாக ஆசைப்பட்டவனுக்கு வேறு ஏதோ நிலைத்துவிட்டால், அதை நேசிக்கத்தானே கற்றுக்கொள்ள வேண்டும்? பொறியியலில் சேர்ந்து வரலாற்றுக்கு ஏங்கும் நண்பர்களிடம் இதைச் சொன்னேன். ஒருவன் அன்றிரவே நூலை இரவல் கேட்டான். வடதுருவத்து நிலையம் ஒன்றில் பெரியவர்கள் குழந்தைகளை அவர்களுடைய டீமனிடமிருந்து வெட்டிப் பிரிக்கிறார்கள். உன் நன்மைக்கே என்று சொல்லிக்கொண்டு வெட்டுகிறார்கள். பீரோச் சாவி நினைவுக்கு வந்தது. அம்மாவைக் குறை சொல்லவில்லை. சாவியை எடுத்துக் கொடுத்தவன் நானல்லவா?

(என் தங்கை இவ்விதழைப் பார்த்தால் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லவும்.) மூன்றாம் நூலின் முடிவில் லைராவும் வில்லும் காதல் கொள்கிறார்கள், ஆனால் அவர்கள் வேறு வேறு உலகத்தவர். உலகங்களுக்கு இடையே திறந்த வாயில்களை மூடியாக வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டுத் தாவரவியல் பூங்காவில் ஒரு பெஞ்சு; இரண்டு உலகத்திலும் அது உண்டு. ஆண்டுக்கொரு நாள், நடுக்கோடை நண்பகலில், அவரவர் உலகில் அதில் வந்து உட்கார்வதென்று பேசிக்கொண்டு பிரிகிறார்கள். விலை கொடுக்கப்பட்டுவிட்டது. மேயரின் முடிவு மகிழ்ச்சியாயிருந்தது, இரண்டே நாளில் மறந்தது. இந்தப் பெஞ்சு மறக்கவில்லை.

இவ்வகை நூல்களின் மேல் பொதுவாகச் சொல்லும் குற்றம், இவை உலகத்திலிருந்து ஓட வைக்கின்றன என்பது. டோல்கீன் 1939இல் ஆற்றிய உரையொன்றில் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்: சிறையிலிருந்து தப்ப நினைக்கும் கைதியையும் போர்க்களத்திலிருந்து ஓடும் சிப்பாயையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள் என்பது அவர் வாதத்தின் சாரம். எனக்கு அந்த விடை பாதிதான் ஏற்புடையது. பன்னிரண்டாம் வகுப்புப் பெண்ணுக்குக் காலை ஐந்து மணிக்கு ஒரு தனிப்பயிற்சி, மாலை ஏழுக்கு இன்னொன்று, நடுவில் பள்ளி. அவளுக்கு ஊஞ்சலில் அரை மணி நேரம் மழை பெய்யும் ஃபோர்க்ஸ் ஊர் தேவைதான். ஆனால் ஒரே கதையைப் பெயர் மாற்றிப் பத்து முறை விற்கும் வியாபாரமும் இதே சாக்கில் நடக்கிறது. 'ட்வைலைட்' வெற்றிக்குப் பின் கறுப்பு அட்டை, ஒற்றைப் பூ, ஒரு பெண், அவளுக்காக மோதும் இரண்டு ஆண்கள், மூன்று பாகம் என்று வந்தவற்றில் நான் படித்த ஆறும் ஒன்றுக்கொன்று இடம் மாறினால் தெரியாது. எமிலி பிராண்டி 1847இல் எழுதிய 'வதரிங் ஹைட்ஸ்' நூலுக்கே அதே கறுப்பு அட்டை போட்டு, பெல்லாவுக்கும் எட்வர்டுக்கும் பிடித்த நூல் என்று விளம்பரம் செய்து 2009இல் விற்றார்கள். அதனால் சில ஆயிரம் பெண்கள் எமிலி பிராண்டியைப் படித்திருப்பார்கள். ஆகவே திட்டவும் மனம் வரவில்லை.

அம்மாவுக்குத் தீர்ப்பை எழுதியே அனுப்பினேன். தொலைபேசியில் சொன்னால் பரீட்சைக்குப் பேச்சு திரும்பிவிடும். நான்கு நூலையும் அவள் படிக்கலாம், நான் படிக்காமல் பேசியது தவறு, நீங்களும் 'நார்தர்ன் லைட்ஸ்' கதையை அவளைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள் என்று எழுதினேன். நூல்களோடு என் கிழிந்த எர்த்ஸீயையும் சேர்த்து ஊருக்குப் போகும் நண்பரிடம் கொடுத்தனுப்பினேன். உள்ளே, 'இதுதான் உண்மையான நூல்' என்று ஒரு சீட்டு வைத்திருந்தேன். அண்ணன் புத்தி எளிதில் போகுமா?

மூன்று வாரம் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது. "படிச்சேன். நல்லாருக்கு. நிழல் வர்ற இடத்துல பயந்துட்டேன். ஆனா அண்ணா, அந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணுகூட இல்லையே? பொண்ணுங்க மந்திரம்னாலே மட்டம்ங்கிற மாதிரி ஊர்ல எல்லாரும் பேசுறாங்க. நீ கவனிக்கலையா? பெல்லாவைத் திட்டுனியே."

நான் கவனிக்கவில்லை. இரண்டு முறை படித்தும் கவனிக்கவில்லை. லெ குவினே பின்னாளில் அதை உணர்ந்து, 1990இல் 'டெஹானு' என்ற நாவலில் அதே தீவுகளுக்குத் திரும்பி வந்து, ஆற்றல் இழந்த கெட்டையும் ஒரு விதவையையும் தீயில் கருகிய சிறுமியையும் வைத்து அந்தக் கணக்கைத் தீர்க்க முயன்றிருக்கிறார் என்பது, அவள் கேள்விக்கு விடை தேடிப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. அவருக்கு அதற்கு இருபத்திரண்டு ஆண்டு ஆயிற்று.

'டெஹானு'வைச் சந்தையில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். அதற்கு முந்திய இரண்டாம் நூல், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட ஒரு சிறுமியின் கதை, கிடைத்தது. இந்த முறை சீட்டு எதுவும் வைக்காமல் தபாலில் அனுப்பியிருக்கிறேன்.